இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு கை அகலம்

இன்வர்கெல்டி,
12 பிப்ரவரி 1979

திரு. எபெநேசர் டூத்தி அவர்களுக்கு,

முழுப் பெயரைப் போட்டு எழுதினால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். அப்பாவை அடக்கம் செய்த நாளோடு நம் பேச்சு நின்று இருபத்தொரு வருடமாகிறது. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. உன் கையெழுத்து ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோடையைப் பார்ப்பாள் என்று டாக்டர் சொல்லவில்லை. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. கஞ்சியில் உப்பு இல்லை என்று நர்ஸ்களை ஒரு வழி பண்ணுகிறாள். சும்மா இருக்கும் நேரத்தில் பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் ஹெர்ரிங் மீன் கிழிக்கப் போன நாளில் கத்தி படாமலிருக்கச் சுற்றியது போல.

நாள் வரும்போது தடுமாறக் கூடாது என்று போன வாரம் கல்லறைத் தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். பர்விஸ் என்று ஒரு குமாஸ்தா. அடக்கப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பக் குழி நிறைந்துவிட்டது அம்மா என்கிறார். ஒரு குழிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டிதான். தாத்தாவும் அப்பாவும் இரண்டு, மூன்றாவது யார் என்று கேட்டேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். பெல்லா ரால்ஃப், வயது முப்பத்தெட்டு, மணமாகாதவள், பிறந்தது நெய்ர்ன், இறந்தது யார்மத், அடக்கம் 1935 நவம்பர். குழிக்குரியவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் வெறும் கோடு.

அம்மாவின் இடத்தில் எவளோ ஒருத்தி படுத்திருக்கிறாள், ஈபன். எனக்கு அப்போது ஏழு வயது, ஒன்றும் தெரியாது. உனக்குப் பதினைந்து. அப்பாவோடு படகில் சமையல் வேலை பார்த்தாய். யார் அவள்?

யாராக இருந்தாலும் அவள் கிளம்ப வேண்டும். நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் பெட்டியை எடுத்துப் பொது நிலத்தில் வைப்பார்களாம். அதற்கு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் உள்ளே இருக்கிறது, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு. சாம்பலாகக் கொண்டுவந்தால் சின்னப் பெட்டிக்கு எப்போதும் இடம் உண்டு என்று பர்விஸ் சொல்லிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரையும் எரித்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நெட்டா

*

லெர்விக், ஷெட்லாந்து,
22 பிப்ரவரி

நெட்டா,

கடிதம் கிடைத்தது. அம்மா விழுந்ததை நீ டிசம்பரிலேயே சொல்லியிருக்கலாம். ரொட்டி விற்கிறவளுக்கு ஒரு தபால்தலை ஒட்ட நேரமில்லையா?

கையெழுத்துப் போட மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். புதைத்தவர்களைத் தோண்டுவது நம் வேலை இல்லை. அதே வரிசையில் வேறு குழி கிடைத்தால் வாங்கு, செலவு என்னுடையது. அம்மாவுக்குப் பிடித்த கறுப்புத் திராட்சைக் கேக்கைக் கொண்டுபோய்க் கொடு. இதை மட்டும் கிளறாதே.

ஈபன்

*

இன்வர்கெல்டி,
3 மார்ச்

ஈபன்,

கிளறாதே என்று சொல்ல நீ யார்? அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த மூன்று வருடமும் அவரைத் துடைத்துவிட்டவள் நான். அடக்கத்தன்று கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்கும் ஒரு கயிறு கொடு, என் அப்பாவை நானும் ஒரு பக்கம் பிடித்து இறக்குகிறேன் என்று உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

“பொம்பளைங்க குழிக்கு வர்றதில்ல. உள்ள போய் ரொட்டிக்கு வெண்ணெய் தடவு.”

எட்டுக் கயிற்றில் ஒன்றை இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குக் கொடுத்தாய். அவன் அப்பாவை வாழ்நாளில் நாலு முறை பார்த்திருப்பான். நான் வெண்ணெய் தடவினேன். நீங்கள் எல்லோரும் திரும்பி வந்து, விஸ்கியும் பன்றிக்கறி ரொட்டியும் நன்றாக இருந்தன என்றீர்கள்.

நேற்று வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு நம் கல்லைத் தேய்க்கப் போனேன். தாத்தாவின் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்கு வெறுமையாகக் கிடக்கிறது. கல் வெட்டியவன் கணக்கில் கோட்டை விட்டான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. அது அவளுக்கென்று விட்ட இடம். தன் பெயருக்கு மேலேயே இடம் விடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அப்பா. அம்மாவுக்குக் குழிக்குள்ளும் இடமில்லை, அவள் பெயருக்கு மட்டும் கல்லின் அடியில், புல் தட்டும் இடத்தில், கொஞ்சம் மிச்சம்.

எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா வருடா வருடம் மீன்காலத்துக்கு யார்மத் போனார். அவள் யார்மத்தில் செத்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்த வியாழன் பேக்கரியில் லீவு சொல்லியிருக்கிறேன். நெய்ர்ன் போகிறேன். அவளுக்கு அங்கே சொந்தக்காரர்களின் குழி ஒன்று இருக்கத்தான் செய்யும். கண்டுபிடித்து, உங்கள் ஆளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போகிறேன். நீ கையெழுத்துப் போடாவிட்டால் நீதிபதி முன்னால் நான் நின்றுகொள்கிறேன்.

நெட்டா

*

லெர்விக்,
12 மார்ச்

நெட்டா,

இது உனக்குக் கிடைப்பதற்குள் நீ போயிருப்பாய். நீ ஒன்றைத் தீர்மானித்தால் காற்றே திசை மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவைப் பற்றி இன்னொரு முறை அப்படி எழுதாதே. அவர் அம்மாவைத் தவிர யாரையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்ப்பதற்கே அவருக்குத் தைரியம் போதாது.

உனக்குப் பதில் சொல்ல என்னால் முடியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு வாங்கியவர் இன்னும் இருக்கிறார். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இங்கே மூன்று நாளாகப் புயல். படகு எதுவும் வெளியே போகவில்லை.

ஈபன்

*

இன்வர்கெல்டி,
26 மார்ச்

ஈபன்,

நெய்ர்ன் போய் வந்தேன். போனபோது இருந்த கோபம் திரும்பும்போது இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாள் முழுக்க மழை. மீனவர் தெருப்பக்கம் இருக்கும் கல்லறைகளை முதலில் பார்த்தேன். ரால்ஃப் என்று கல் கல்லாக இருக்கிறது. இன்னாரின் மனைவி ரால்ஃப், இன்னாரின் தாய் ரால்ஃப் என்று, நம் பக்கத்தைப் போலவே பெண்களெல்லாம் பிறந்த வீட்டுப் பெயரோடு படுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டிக் கேட்டேன். தேநீர் கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள், பெல்லாவை மட்டும் யாரும் எங்கள் ஆள் என்று சொல்லவில்லை.

கடைசியில் நகராட்சியின் அடக்கப் பதிவேட்டில் அவளுடைய அம்மா அகப்பட்டாள். ஏழைகள் விடுதியில் பிள்ளை பெற்று, அங்கேயே ஒரு வாரத்தில் செத்தவள். புருஷன் பெயர் இல்லை. குழி வெட்டுகிறவர் என்னைத் தோட்டத்தின் வடக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கல் இல்லை. வெறும் புல்மேடு. கையிலிருந்த கம்பால் சுமாராக ஒரு இடத்தைக் காட்டினார்.

“இங்கதான் எங்கயோ இருக்கும்மா. ஒருத்தர்மேல ஒருத்தரா போட்டது. இன்ன இடம்னு என்னால சொல்ல முடியாது.”

நான் கையில் பூ எதுவும் கொண்டுபோகவில்லை. சண்டை போடப் போகிறவள் பூவா கொண்டுபோவாள்? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பர்விஸைப் பிடித்தேன். ஒரு குழியைத் திறக்க யாராவது கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுக்க வேண்டும் அல்லவா? 1935-ல் கொடுத்த அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். நிலவறைக்குள் போய்த் தும்மித் தும்மித் தேடி எடுத்து வந்தார். அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கத் தயாராகக் குனிந்தேன்.

ஜெஸ்ஸி கார்கில் என்று இருக்கிறது.

ஜாம் பாட்டில்களின் மேல் நான் பார்த்து வளர்ந்த எழுத்து. நம் அம்மாவின் எழுத்து. வாக்கு வாங்கியவர் இன்னும் இருக்கிறார் என்று எழுதினாயே, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்டு அவளை நோகடிக்க மனமில்லை. ஈஸ்டர் வரை பொறுக்கிறேன். அதற்குள் நீ சொல். சொல்லாவிட்டால் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

நெட்டா

*

லெர்விக்,
5 ஏப்ரல்

நெட்டா,

உன் கடிதம் கிடைத்ததும் நான் அம்மாவுக்கு எழுதி, சொல்லட்டுமா என்று கேட்டேன். ஒரு நர்ஸை எழுதவைத்துப் பதில் அனுப்பியிருக்கிறாள். மொத்தமே ஒரு வரி: “நீ இன்னுமா சொல்லல? சின்னதுலேர்ந்தே நீ மந்தம்தான்.” இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

கேள். ஹெர்ரிங் காலத்தில் துறைமுகம் துறைமுகமாகப் போகும் வேலைக்கு மூன்று பெண்கள் ஒரு கூட்டாகச் சேருவார்கள். இரண்டு பேர் கிழிப்பார்கள், ஒருத்தி பீப்பாயில் உப்புப் போட்டு அடுக்குவாள். கூலியும் கூட்டாக, தூங்குவதும் ஒரே அறையில். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் பெல்லாவும் ஒரே கூட்டில் கிழித்தவர்கள். அம்மா கல்யாணம் ஆகி வீட்டோடு நின்றுவிட்டாள். பெல்லாவுக்குப் போக வீடு இல்லை, அதனால் வேறு கூட்டில் சேர்ந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

1935-ல் அப்பாவின் படகு யார்மத்தில் இருந்தபோது அவள் கையில் கத்தி இறங்கியது. உப்பும் அழுக்கும் சேர்ந்து விஷமாகிவிட்டது. கேட்க ஆள் இல்லாததால் அங்கேயே பொதுக் குழியில் போடப் பார்த்தார்கள். அப்பா வீட்டுக்குத் தந்தி கொடுத்தார். ‘கூட்டிட்டு வாங்க’ என்று மட்டும் அம்மாவிடமிருந்து பதில் தந்தி. அப்பாவும் நானும் ரயிலில் பெட்டியோடு வந்து இறங்கியபோது அம்மா குழியைத் திறக்கக் கையெழுத்தே போட்டுவிட்டிருந்தாள்.

அன்றைக்குச் சமையலறையில் அப்பா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“மூணு பேருக்குத்தான் இடம் ஜெஸ்ஸி. எங்கப்பா போயாச்சு. இவளையும் வச்சுட்டா மிச்சம் ஒண்ணுதான். அப்ப நீ எங்க படுப்ப?”

“அது என்னோட இடம். நான் குடுக்கறேன்,” என்றாள் அம்மா.

பெல்லாவின் தலைமாட்டுக் கயிற்றை, மிக நெருங்கிய உறவு பிடிக்கும் முதல் கயிற்றை, அப்பாவே பிடித்தார், கூடப்பிறந்தவளுக்குப் பிடிப்பது போல. கால்மாட்டில் நான். மற்ற கயிறுகளுக்குப் படகு ஆட்கள். அம்மா வரவில்லை. பெண்கள் வரமாட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் ஜன்னலோரம் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவத் தடவ ரொட்டி பிய்ந்துகொண்டே வந்தது.

இனி அப்பாவின் அடக்கம். அன்று காலை குழி வெட்டுகிற கிழவர், இதற்கு மேல் இந்தக் குழி கொள்ளாது என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நெட்டாவ குழிகிட்ட விடாத. அந்தாளுக்கு வாய் நிக்காது. எனக்கு இடமில்லன்னு தெரிஞ்சா இவ ஊரையே ரெண்டாக்கிடுவா.” கல்லில் அந்த இடைவெளியை விடச் சொன்னதும் அம்மாதான். தான் போன பிறகு பெல்லாவின் பெயரை அங்கே வெட்ட வேண்டும் என்றாள். அதுவரை யாருக்கும் சொல்லாதே என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அம்மா சொல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் உன்னை வராதே என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். அந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் விஷயத்தில் மட்டும் நீ சொல்வது சரி. அவன் கயிற்றைப் பாதியிலேயே விட்டுவிட்டான்.

ஈபன்

*

இன்வர்கெல்டி,
17 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் பேக்கரியில், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். அன்றைக்கு ஊர் சாப்பிட்ட பன்னில் உப்பு தூக்கலாக இருந்தால் காரணம் அதுதான்.

அம்மாவையும் அன்று ஜன்னலோரம்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். தன் இடத்தையே தூக்கிக் கொடுத்தவளுக்கு அந்த இடத்தை எட்டிப் பார்க்கக்கூட வழி இல்லை. எனக்கு நடந்தது பெரிய அநியாயம் என்று இத்தனை வருடம் மார்தட்டினேன். அவள் அதைத் தாண்டி வந்தவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஈஸ்டர் அன்று அவளைப் பார்க்கப் போனேன். விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரியும் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து மறு கைக்கு நான் சுற்றிவிட்டேன். இறுக்கம் போதாது என்று திட்டினாள். பிறகு இடது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். அந்தத் தழும்பு உனக்கும் தெரிந்ததுதானே.

“எனக்கும் யார்மத்லதான் கை பழுத்துப்போச்சு. வெட்டியாகணும்னுட்டாங்க. பெல்லா விடல. பகல் முழுக்க எனக்கும் சேத்து அவளே கிழிப்பா. ராத்திரி கொதிக்கற தண்ணியில என் கைய முக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ரெண்டு கையாலயும் உங்கள தூக்கி வளத்தேன்னா அது அவ குடுத்தது. அவளுக்கு அப்படி ஆனப்ப நான் பக்கத்துல இல்ல.”

அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடமில்லாமல் போச்சே அம்மா என்றேன். பர்விஸ் சொன்ன சாம்பல் பெட்டியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள், ஈபன்.

“வாழ்நாள் பூரா நனைஞ்சவ நான். கடைசியில கொஞ்சம் சூடு பட்டா என்ன? எரிச்சு எடுத்துட்டுப் போ. ரெண்டு பேர்கிட்டயும் இருந்துக்கறேன்.”

எனவே தீர்மானம் ஆகிவிட்டது. நீதிமன்றத் தாளைப் பேக்கரி அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்குப் பதில் வேறொரு தாள் அனுப்புகிறேன், கல்லில் புதுப் பெயர் வெட்ட. இதற்கும் வாரிசுகள் இருவரின் கையெழுத்து வேண்டுமாம். தான் போன பிறகு என்று அம்மா சொல்லியிருக்கலாம். நான் ஒப்பவில்லை. உயிரோடு இருக்கும்போதே அவள் பார்க்க வேண்டும். கல் வெட்டுகிறவரை மே முதல் வாரத்துக்குப் பிடித்து வைத்திருக்கிறேன். ‘பெல்லா ரால்ஃப், ஜெஸ்ஸி கார்கிலின் தோழி’ என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். வெட்டியதும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகப் போகிறேன். டாக்டர் கூடாது என்கிறார். டாக்டரிடம் யார் கேட்டார்கள்?

இந்த முறை கையெழுத்தைப் போட்டு உடனே அனுப்பு. மந்தமாக இருக்காதே.

நெட்டா

*

லெர்விக்,
24 மே

நெட்டா,

துறைமுக அலுவலகத்துக்கு நீ போன் செய்து, அம்மா போனதைச் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டேன். லைன் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெயரைத் துணி சுற்றிய விரலால் தடவிப் பார்த்தாள் என்று சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாவதற்குப் பத்து நாள் முன்னதாகவே அவளை அங்கே கொண்டுபோனது உன் பிடிவாதம். என் பேச்சைக் கேட்டிருந்தால் அவள் பார்க்காமலே போயிருப்பாள்.

யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்று மூத்த மகன்தான் அட்டை எழுதி அனுப்ப வேண்டும், வழக்கம் அப்படி. சாம்பல் பெட்டி சின்னது, நாலு கயிறு போதும் என்று பர்விஸ் சொல்கிறார். உன் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியின் படத்தில் தலைமாட்டில் முதல் கயிறு என்று போட்டிருக்கும் இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். கால்மாட்டில் நான். மற்ற இரண்டையும் அம்மாவைக் கவனித்த நர்ஸ்களில் உனக்குப் பிடித்த இருவருக்குக் கொடு. பாதிரியார் முகம் சுளித்தால் என்னிடம் அனுப்பு.

நீ இதுவரை பிடித்ததில்லை, அதனால் சொல்கிறேன். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. மெதுவாக விடு. அடியில் தொட்டது கைக்குத் தெரியும், அதுவரை விடாதே.

முந்தின நாள் மதியமே வந்து சேருகிறேன். சமையலறையில் என் பக்கம் ஒரு கத்தியும் வெண்ணெயும் எடுத்து வை. ரொட்டி முழுவதற்கும் நான் தடவுகிறேன்.

உன் அண்ணன்,
ஈபன்